தென்கிழக்குத் தூணில் ஒருவர்

"இந்தத் தூண்ல நான் ஆணி அடிக்க மாட்டேன், சயா."

சொல்லிவிட்டு கோ டுன் சுத்தியலைக் கீழே வைத்தார். எறியவில்லை. பதமாக, சத்தம் வராமல் வைத்தார். பிறகு லுங்கியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

கோபப்பட்டு வேலையை நிறுத்துகிற ஆளிடம் பேசலாம். தோளில் கை போட்டு டீ வாங்கிக் கொடுக்கலாம். மரியாதையாக நிறுத்துகிறவரை என்ன செய்வது?

கோ டுன் எங்கள் தச்சர், பர்மாக்காரர். சயா என்றால் அவர்கள் பேச்சில் ஐயா. நல்ல வேலைக்காரர், நல்ல மனிதர். அவர் நின்ற இடத்தில் நானும் நின்று அண்ணாந்து பார்த்தேன். வானம் தெரிந்தது. வீட்டின் பின்பாதிக்குப் புதுத் தகரம் போடுவதற்காகப் பழைய தகரத்தை எல்லாம் கழற்றி அடுக்கியிருந்தோம். மேகம் வேறு கறுத்துக்கொண்டிருந்தது. யாங்கோன் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? வருகிற வரைக்கும் வராது. வந்தால் ஐப்பசி வரைக்கும் போகாது.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போன தடவை "வீடு மாறப் போகிறோம்" என்று ஒரு வரி எழுதியதற்கே, எந்த வீடு, எங்கே வீடு என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள்.

மிங்கலாடோன் பக்கம், பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சந்து. அதில் ஒரே தளமாக, நீளமாக, தாழ்வாக, படுத்திருக்கிற மாடு மாதிரி ஒரு பழைய வீடு. இடுப்பு உயரத்துக்குச் செங்கல், அதற்கு மேல் பலகை, தகரக் கூரை, உள்ளே தேக்குத் தூண்கள். கட்டியவர் ரயில்வேயில் இன்ஜினியராக இருந்த பர்மாக்காரர். அவர் காலமான பிறகு அவருடைய மனைவி டோ மியா கொஞ்ச காலம் தனியாக இருந்து பார்த்தார். முடியவில்லை. தன்லியினில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் பிள்ளைகளும் வேலை, கல்யாணம் என்று ஊர் ஊராகப் போய்விட்டார்கள். இரண்டு பேருக்கு ஒரு வீடு தேடிக்கொண்டிருந்தோம். அமைந்தது.

அதற்கு முன்னால் இருந்தது நகரத்துக்குள், மூன்றாவது மாடி ஃப்ளாட். முன்னால் பால்கனி, கடைசியில் சமையலறை, நடுவில் ரயில் பெட்டி மாதிரி ஒரே நீளம். பால்கனியிலிருந்து தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும். பேப்பர்காரர் கீழே கிளிப்பில் பேப்பரை மாட்டிவிட்டு ஆட்டுவார், நான் மேலே இழுத்துக்கொள்வேன். முன்பக்கம் காற்று, வெளிச்சம், வேடிக்கை. அங்கே என் நாற்காலி. பின்பக்கம் மத்தியானத்திலும் இருட்டு. அங்கே தனம்.

தனம் என் மனைவி. இந்தப் பத்திக்குள் அவ்வப்போது வந்து என்னை மட்டம் தட்டிவிட்டுப் போகிறவள்.

அந்தச் சமையலறையில்தான் அவளுக்குக் கை வெந்தது. ஒரு நாள் சாயங்காலம் வடை சுட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. இந்த ஊரில் அதெல்லாம் ஒரு செய்தியா? ஆனால் அன்றைக்கு அவள் கை வாணலியில் பட்டு, வாணலி சரிந்து, எண்ணெய் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வழிந்துவிட்டது. நான் மெழுகுவத்தியைத் தேடி எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள், கையைத் தண்ணீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "அடுப்ப அணைச்சிட்டேன்" என்று மட்டும் சொன்னாள். புண் ஆறிவிட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது.

அதனால் வீடு மாறுவதற்கு அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்.

"சட்டியில என்ன இருக்குன்னு சுவிட்ச் போடாம எனக்குத் தெரியணும். அப்படி ஒரு அடுப்பங்கரை கட்டித் தர்றதா இருந்தா வர்றேன். இல்லேன்னா நீங்க மட்டும் போய் இருங்க. நான் மூணாவது மாடியிலயே கெடக்குறேன்."

இதற்குள் வாஸ்து எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அது என் கைங்கரியம். வீடு வாங்குகிறவனுக்குத் திடீரென்று பக்தி வந்துவிடுகிறது. தமிழ்நாட்டிலிருந்து நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒருவர் என் போனுக்குள் வந்து, தென்கிழக்குதான் அக்னி மூலை, அங்கே அடுப்பெரிந்தால் குடும்பம் தழைக்கும் என்று அடித்துச் சொன்னார். நான் போனிலேயே திசையும் பார்த்தேன். தென்கிழக்கில் டோ மியா தட்டுமுட்டுச் சாமான் போட்டுவைத்திருந்த அறை. அதில் பலகை அடித்து மூடிய ஒரு ஜன்னல். கோ டுன் பலகையைப் பிடுங்கினார். காலை வெயில் அப்படியே தரையில் விழுந்தது. தனம் அதில் கையை நீட்டிப் பார்த்தாள். "இங்கதான்" என்றாள்.

அவளுக்கு வெளிச்சம், எனக்கு வாஸ்து. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் சண்டையில்லாமல் ஒரே முடிவுக்கு வந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

டோ மியாவின் பழைய சமையலறை என்ன ஆயிற்று? அது வீட்டுக்குப் பின்னால் ஒட்டிய ஒரு சாய்ப்பு. குனிந்துதான் நுழைய வேண்டும். கரி பிடித்து, ஃப்ளாட் சமையலறையே தேவலை என்கிற மாதிரி இருந்தது. முதல் வேலையாக அதை இடித்தோம். சாலையைப் பார்த்தபடி முன்பக்கம் வடமேற்கு மூலையில் ஒரு அருமையான அறை இருந்தது. வடக்கில் ஒரு ஜன்னல், மேற்கில் ஒரு ஜன்னல். அதை நான் எழுதுவதற்கு என்று எடுத்துக்கொண்டேன். மேசைகூடக் கொண்டுவந்து போட்டாயிற்று.

இப்போது தூணுக்கு வருகிறேன்.

அந்தத் தென்கிழக்கு அறையின் மூலைத் தூணில், தலைக்கு மேலே, சிவப்புத் துணி சுற்றிய ஒரு தேங்காய் இருந்தது. பார்க்காமல் இல்லை. இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியாதா? பர்மாக்காரர்கள் வீட்டைக் காக்கிற நாட். நம் முனீஸ்வரன் மாதிரி ஒரு காவல் தெய்வம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டை விட்டுப் போகிறவர்கள் தேங்காயை எடுத்துவிட்டுப் போவார்கள். டோ மியா அவசரத்தில் மறந்திருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அடுப்பு மேடைக்கு மேலே வருகிற அலமாரிக்கு அந்தத் தூணில்தான் சட்டம் அடிக்க வேண்டும்.

"தேங்காய எடுத்து வச்சிட்டு அடிக்கலாமே, கோ டுன்."

"தேங்காய எடுக்கலாம், சயா. அவர எங்க எடுத்து வைக்கிறது?"

அவர் பேசியதெல்லாம் பர்மியத்தில். நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

"அவரு இரும்படிக்கிறவரு. பெரிய பலசாலி. ராஜாவுக்கே அவரக் கண்டா பயம். தந்திரமா வரவழைச்சு, மரத்துல கட்டி வச்சு, உசுரோட கொளுத்திட்டாங்க. கூடப் பொறந்த தங்கச்சியும் அதே நெருப்புல விழுந்துட்டா. அந்த எரிச்சலுக்குத்தான் தேங்காய். உள்ள தண்ணி இருக்குல்ல, குளிர்ச்சி. எங்க வீட்ல அவர் முன்னாடி மெழுகுவத்திகூட ஏத்த மாட்டோம். நீங்க அவரு காலடியில அடுப்பு வைக்கச் சொல்றீங்க."

நம் சாஸ்திரம், தென்கிழக்கு நெருப்பின் இடம் என்கிறது. அவர்கள் வழக்கப்படி அது நெருப்பில் போனவரின் இடம். வீட்டுக்கு நாலு மூலை இருக்கிறது. இரண்டு பேருக்கும் அந்த ஒரு மூலைதானா கிடைத்தது?

வேறு தச்சரைக் கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். கூப்பிட்டேன். "எந்தத் தூண்?" என்று கேட்டார். சொன்னேன். மழைக்காலம் முடிந்து வருவதாகச் சொல்லி போனை வைத்துவிட்டார்.

அப்புறம் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. அது வேலை செய்தால் வீட்டில் யாருக்காவது கஷ்டம்தான். கோ டுன்னிடம் போய், "நெருப்பே இல்லாத அடுப்பு வச்சா?" என்று கேட்டேன். கரண்ட் அடுப்பு. சுவாலை கிடையாது, புகை கிடையாது. பாத்திரம் மட்டும் சுடும்.

அவர் வெற்றிலையை மென்றபடி யோசித்தார். நியாயமான மனிதர் அல்லவா... சுவாலை இல்லையென்றால் பேசிப் பார்க்கலாம் என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

தனம்தான் கேட்டாள். "கரண்ட் இல்லாதப்போ?"

"கேஸ் அடுப்பு."

"கரண்ட் எப்போ இருக்கும்?"

யாங்கோனில் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே, பலகை அறுக்கப் போயிருந்த கோ டுன்னின் மின்ரம்பம் நின்றது. கரண்ட் போய்விட்டது.

சரி, பழைய வீட்டுக்காரரையே கேட்டுவிடுவோம் என்று தனம் டோ மியாவுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"மறக்கல, தமீ" என்றார் டோ மியா. தமீ என்றால் மகளே என்று அர்த்தம். "வேணும்னுதான் விட்டுட்டு வந்தேன். நான் அங்க வாழ்ந்த காலமெல்லாம் எங்களப் பாத்துக்கிட்டாரு. நீங்க புதுசா வர்றீங்க. உங்களுக்கு ஒருத்தர் வேணும்ல?"

"அன்ட்டி, நாங்க அந்த மூலையில அடுப்பு வைக்கலாம்னு..."

அந்தப் பக்கம் யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

"வீடு உங்களுது, தமீ. நீங்க என்ன செஞ்சாலும் சரிதான்."

உலகத்தில் இதைவிடக் கனமான வாக்கியம் இருக்கிறதா? "செய்யாதே" என்று சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன். "நீங்க என்ன செஞ்சாலும் சரி" என்றால் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடிவதில்லை. போனை வைத்த பிறகு தனம் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். வெயில் அவள் முகத்தில் அடித்தது. அந்த வெளிச்சத்தை விட அவளுக்கு மனமில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. எனக்கும் பொறுக்கவில்லை. எத்தனை வருஷம் இருட்டில் கிடந்தவள்... ஒரு ஜன்னல் கேட்கிறாள், அதைக்கூடக் கொடுக்க முடியாதா?

மறுநாள் காலையில் எனக்கு ஒரு அபாரமான யோசனை வந்தது. பாலாலயம்.

கோயிலில் திருப்பணி நடக்கும்போது என்ன செய்கிறோம்? மூலவரின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றி, வேறு ஒரு சின்ன இடத்தில் வைத்துப் பூஜை பண்ணுகிறோம். பெரிய பெரிய சாமியெல்லாம் சம்மதித்துத் தற்காலிகமாக இடம் மாறுகிறது. இவர் மாற மாட்டாரா? வேலை முடிகிற வரைக்கும் முன் அறையில் இருக்கட்டும். அப்புறம்... பழகிவிடும். அவருக்கும் பழகிவிடும், கோ டுன்னுக்கும் பழகிவிடும்.

கோயில் பக்கத்துக் கடைக்குப் போனேன். நல்ல தேங்காயாகப் பார்த்து, குடுமி வைத்து உரித்து வாங்கினேன். மஞ்சள் தடவினேன், குங்குமம் வைத்தேன். சிவப்புத் துணியில் முன் அறைத் தூணில் கட்டினேன். வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, ஊதுவத்தி. கோ டுன் ஒரு ஓரமாகக் கை கட்டி நின்றார். அவர் முகத்தில் அவ்வளவு திருப்தி இல்லை, நான்தான் அதைப் பொருட்படுத்தவில்லை.

"சயா, அது உரிச்ச தேங்காய்..." என்று மெல்ல ஆரம்பித்தார். "இவருக்குக் காம்போட, தோலோட வைக்கணும். தோல உரிச்சிட்டா..."

நான் காதில் வாங்கவில்லை. பூஜை நடுவில் பேச்சு எதற்கு? ஊதுவத்தி ஆயிற்று. அடுத்து என்ன? நம் கைக்குத் தெரியும் அடுத்து என்ன என்று. கை தானாகத் தட்டை எடுத்தது. கை தானாகச் சூடத்தை வைத்தது. தீக்குச்சியைக் கிழித்தது.

தகதகவென்று எரிகிற சூடத்தை, நெருப்பில் வெந்து செத்தவர் முகத்துக்கு நேராக, நான் பயபக்தியோடு சுற்றிக் காட்டினேன்.

கோ டுன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தனம்தான் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். சிமெண்ட் குழைக்க வைத்திருந்த வாளியிலிருந்து ஒரு மக்குத் தண்ணீரை எடுத்து என் தட்டில் கொட்டினாள். சூடம் 'சொய்ங்' என்று அணைந்து, என் சட்டையெல்லாம் தண்ணீர்.

"ஏங்க, உங்களுக்குக் கொஞ்சமாவது இது இருக்கா?" என்று நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டினாள். "செத்தும் அந்த மனுஷனுக்கு எரிச்சல் அடங்கலைன்னுதான் தேங்காய் கட்டி வச்சிருக்காங்க. மூஞ்சிக்கு நேரா சூடத்தக் காட்டுறீங்க. அதுவும் தோல உரிச்ச தேங்காய்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. அவள் இடது கையால் வலது முழங்கையைத் தடவிக்கொண்டிருந்தாள். தடவுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"எண்ணெய் கொட்டின அன்னிக்கு இந்தக் கைய எங்க வைக்கிறதுன்னு தெரியாம தவிச்சேன். தலகாணி பட்டா எரியும், சேலை பட்டா எரியும். பக்கத்து வீட்ல தாளிக்கிற சத்தம் கேட்டாலே கை நடுங்கும். அது ஒரு கைக்கு. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராதும்பாங்க. பூனைக்கு இருக்கிற நியாயம் அந்த மனுஷனுக்குக் கெடையாதா? அவரு தலைக்குக் கீழ நின்னு நான் தினமும் எண்ணெய் காய வைக்கணுமா?"

மேலே ஒரு விமானம் தாழ்வாகப் போயிற்று. பலகையெல்லாம் அதிர்ந்தது.

"எனக்கு அந்த மூலை வேணாங்க" என்றாள்.

கோ டுன்னுக்குத் தமிழ் தெரியாது. "அமா என்ன சொல்றாங்க, சயா?" என்று கேட்டார். அமா என்றால் அக்கா. சொன்னேன். அவர் தனத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முன் அறையில் நான் கட்டிய தேங்காயை அவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டு, சுத்தியலை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். "மழைக்கு முன்னாடி கூரைய முடிச்சிடுறேன், அமா" என்றார்.

பயந்து விட்டுக்கொடுப்பது வேறு. சாமிக் குத்தம் ஆகிவிடும் என்று விட்டுக்கொடுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நானே அந்த ரகம்தான். தனத்துக்குப் பயமில்லை. முகம் தெரியாத, நம் சாமியும் இல்லாத ஒருவருக்காக அவளுக்கு வலித்தது. நெகிழ்ச்சி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அடுப்பங்கரை எங்கே? இருந்ததை இடித்தாயிற்று. வர இருந்தது போயிற்று.

"அதுக்காக நிபந்தனைய விட்டுட்டேன்னு நெனைக்காதீங்க" என்றாள் தனம், சாயங்காலம் ஃப்ளாட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில். ஃப்ளாட் சாவி இன்னும் எங்களிடம்தான் இருந்தது. அதை அவள் விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் அவள் ஒரு முறத்தையும் ஒரு பை அரிசியையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

எதற்கு என்று கேட்டேன். சொல்லவில்லை. காலையில் ஒரு அறையில் உட்கார்ந்தாள். முறத்தில் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கினாள். கொஞ்ச நேரத்தில் எழுந்தாள், அடுத்த அறைக்குப் போனாள். அங்கேயும் கல் பொறுக்கினாள். கூரைமேல் கோ டுன் டம் டம் என்று ஆணி அடிக்கிறார், கீழே இவள் அறை அறையாக முறத்தோடு போகிறாள். அக்கம்பக்கத்தில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

பத்து மணிக்கு நடு அறை சரியாக இருந்தது. மத்தியானம் இருட்டிவிட்டது. புதுத் தகரம் ஏறிவிட்ட கிழக்கு அறையில் காலையில் கண் கூசியது, இரண்டு மணிக்கு மேல் கல்லும் அரிசியும் ஒன்றாகத் தெரிந்தது. மேகம் மூடிய பொழுது எல்லா அறையும் மூடிக்கொண்டது, ஒன்றைத் தவிர.

சாயங்காலம் நான் முன்பக்கம் போனேன். வடமேற்கு அறை. என் அறை. என் மேசைமேல் முறம். பக்கத்தில் தனம். வடக்கு ஜன்னலில் பால் மாதிரி வெளிச்சம், மேற்கு ஜன்னலில் இறங்குகிற வெயில்.

"இங்க இன்னும் கல்லு தெரியுது" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி நின்றேன்.

"தனம், இது முன்பக்கம். வாசல்லேர்ந்து நுழையும்போதே அடுப்பங்கரையா? ஊர்ல எங்கேயாவது இப்படி உண்டா?"

"இல்ல. இனிமே உண்டு."

"வர்றவங்க என்ன நெனைப்பாங்க?"

"பசிக்குதுன்னு நெனைப்பாங்க."

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "வாஸ்துப்படி..."

அவள் தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். அதே திருநீறுக்காரர். நான் பாதியில் நிறுத்திய அதே வீடியோ. இவள் கடைசி வரை பார்த்திருக்கிறாள். தென்கிழக்கு அமையாதவர்கள் கவலைப்பட வேண்டாம், வடமேற்கில் வைத்துக்கொள்ளலாம் என்று அவர் சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார். பாதி வீடியோவைப் பார்த்துவிட்டு வாஸ்து பேசுகிறவனுக்கு இது வேண்டும்.

"ஆனா ஒண்ணு" என்றாள். "கிழக்கப் பாத்துச் சமைக்கணும்னு சொல்றாரு. அது மட்டும் முடியாது. கிழக்க சுவரு இருக்கு. நான் வாசலப் பாத்து நிப்பேன்."

கோ டுன்னும் முதலில் தலையைச் சொறிந்தார். அவர்கள் பேச்சில் சமையலறைக்குப் பெயரே வீட்டின் பின்பக்கம் என்பதுதான். முன்பக்கத்தில் அதைக் கட்டச் சொன்னால் பாவம் அவர் என்ன செய்வார்? ஆனால் இந்தத் தடவை சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. அவரே ஒரு யோசனையும் சொன்னார். மேற்கு ஜன்னலைக் கொஞ்சம் அகலப்படுத்தி, புகை போக மேலே ஒரு வழி விட்டு, ஜன்னலுக்கு வெளியே கை நீட்டுகிற உயரத்தில் ஒரு பலகை அடித்துவிட்டால், வருகிறவர்களுக்கு டீ கிளாஸை அங்கேயே வைக்கலாமாம். தனம் குழந்தை மாதிரி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு என் மேசையை நானே தூக்கிக்கொண்டு தென்கிழக்கு அறைக்குப் போனேன்.

கடைசித் தகரம் ஏறிய அன்று சாயங்காலம் மழை வந்தது. வீட்டுக்குள் நாங்கள் மூன்று பேரும் நின்று, எங்கேயாவது ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒழுகவில்லை.

ஆக, இப்போது நான் எழுதுவது அந்தத் தூணுக்குக் கீழே உட்கார்ந்து. கொசுவத்தி வைக்க அனுமதி இல்லை. கரண்ட் போனால் மெழுகுவத்தி கூடாது, சார்ஜ் விளக்குதான். கொசு கடிக்கிறது. ஆனால் பாருங்கள், மேலே ஒருவர் இருக்கிறார் என்றால் கை கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறது.

ஒரு பழைய வீட்டை வாங்கினால் எல்லோரும் செய்கிற முதல் காரியம், முன்னால் இருந்தவர்களின் சுவட்டைத் துடைப்பது. வெள்ளை அடிக்கிறோம், இடிக்கிறோம், பூட்டை மாற்றுகிறோம். அப்போதுதான் நம் வீடு என்று தோன்றுகிறது. எங்களுக்கு என்னவோ வேறு மாதிரி ஆயிற்று. ஏற்கெனவே இருந்தவருக்கு இடம் ஒதுக்கிய பிறகுதான், தனக்கு எந்த இடம் வேண்டும் என்று தனம் முறத்தை எடுத்துக்கொண்டு தேடினாள்.

போன வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினோம். டோ மியா மகளோடு தன்லியினிலிருந்து வந்தார். கையில் பச்சைத் தேங்காய், காம்போடு, தோலோடு. காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டுத் தனத்தின் காதருகேயும் ஆட்டினார். தண்ணீர் குலுங்கியது. இரண்டு பெண்களுமாகப் போய் அதைத் தூணில் வைத்தார்கள். என்னைத் தீப்பெட்டி இல்லாத தூரத்தில் நிறுத்திவைத்தார்கள்.

அப்புறம் டோ மியா முன்பக்கம் வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தார். சந்தைப் பார்த்தார்.

"இந்த வீட்ல இத்தன வருஷம் இருந்தேன், தமீ. கேட் சத்தம் கேட்டா, சமையல விட்டுட்டு யாருன்னு பாக்க ஓடி வருவேன். திரும்பிப் போறதுக்குள்ள அடி பிடிச்சிடும். இங்க அடுப்பு வைக்கணும்னு எனக்கு ஒரு நாள்கூடத் தோணல."

பால் பொங்கியது. விருந்தாளிகள் வர ஆரம்பித்தார்கள். கேட்டைத் திறக்கிற ஒவ்வொருவரும் ஜன்னலில் தனத்தைப் பார்த்து அப்படியே நின்றார்கள். "என்னக்கா, இங்கேயேவா?" என்றார்கள். என்ன குழம்பு என்று எட்டிப் பார்த்தார்கள். பலகையில் கையை ஊன்றிக்கொண்டு கதை பேசினார்கள். ஒருவர்கூட உள்ளே வந்து என் மேசையைப் பார்க்கவில்லை.

தனம் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் வேர்வை, வெளிச்சம்.

"கல்யாணமானதுலேர்ந்து நான் சமைச்சத எல்லாரும் சாப்பிட்டாங்க. சமைக்கிறத இன்னிக்குத்தாங்க பாக்குறாங்க."

நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனால் தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் சும்மா நின்று பார்க்க முடியுமா? அன்றிலிருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன்.